அசையாத பிள்ளை

பிரம்மசக்தியின் வலது கை மயக்க மருந்து டாக்டர் ஹெப்சிபாவின் உள்ளங்கைக்குள் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கை. திருக்கார்த்திகைக்கு முதல் நாள் வைத்த மருதாணி நகத்தோடு வளர்ந்து பாதிக்கு மேல் ஏறி நின்றது. மறுநாள் சாயங்காலம் வாசல் விளக்கில் நைலான் பாவாடை பற்றிக்கொண்டபோது நெஞ்சு, கழுத்து, இடது தோள், இடது கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட தீ இந்த ஒரு கையை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவிட்டது. முழங்கைக்கு மேலே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டி, காற்றடித்து இறுக்கிய பிறகுதான், இடது காலில் இருந்த ஊசி வழியாகத் தசையைத் தளர்த்துகிற மருந்தை ஹெப்சிபா ஏற்றினாள். பட்டை இறுகியிருக்கிறவரை கைக்குள் ரத்தம் போகாது. ரத்தம் போகாவிட்டால் மருந்தும் போகாது. கால், வயிறு, நாக்கு, இமை, மூச்சு விடுகிற தசை எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கிடக்க, இந்தக் கை மட்டும் நினைத்தால் அசையலாம். பிள்ளை உள்ளே விழித்துக்கொண்டால் டாக்டரின் விரலை அழுத்தும், தூங்கினால் அழுத்தாது, அவ்வளவுதான் ஏற்பாடு. புத்தகத்தில் உள்ள பழைய முறைதான், ஹெப்சிபா பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அறுவை மருத்துவர் சங்கரலிங்கம் இதைப் பார்த்துவிட்டு, என்ன மேடம் இன்னைக்குப் பிள்ளையோட கைகோத்துத் திருவிழாவுக்குப் போறாப்பல இருக்கு என்று கேட்டார். அவர் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் ஒரு பேச்சு இருக்கும். பேசிக்கொண்டே பிள்ளையின் வலது தொடையில் எண்ணெய் தடவினார், தோல் சீவுவதற்கு. பத்து நாளுக்கு முன்னால் நெஞ்சில் ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று கழுத்தும் தோளும். ஐம்பது நிமிட வேலை. ஹெப்சிபா திரையைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். பிள்ளையைத் தூங்க வைக்கிற மயக்க வாயு இருக்கிற குடுவையில் மருந்து கழுத்துவரை நின்றது. அதைக் காலையிலிருந்து ஆறாவது தடவையாகப் பார்க்கிறாள்.

எல்லாம் அந்தப் பூனையால் வந்தது. காலையில் தியேட்டர் வாசலில் பிள்ளையை வண்டியில் படுக்க வைத்திருந்தார்கள், தாய் லிங்கக்கனி பக்கத்தில் நின்று தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா வழக்கம்போல, சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா, பல்லு ஏதும் ஆடுதா என்று கேட்டாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தாய் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மெதுவாக, "அந்த டாக்டரு வீட்டுப் பூனை வாளியில ஏறிட்டா?" என்று கேட்டது. ஏறிட்டு, ஏறிட்டு என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா உள்ளே போய்விட்டாள். பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் ஆமா போடுவது அவளுக்குக் கைவந்த கலை. முகக்கவசத்தைக் கட்டும்போதுதான் கை நின்றது. எந்தப் பூனை? சங்கரலிங்கம் வீட்டுப் பூனை. அது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் விழுந்த கதையை அவர் சொன்னார், இங்கேதான் சொன்னார், பத்து நாளுக்கு முன்னால், இந்தப் பிள்ளை இதே மேசையில் மயக்கத்தில் கிடந்தபோது சொன்னார். வெளியே வந்து அவரிடமே கேட்டாள், வார்டில் வைத்துப் பிள்ளையிடம் ஏதும் சொன்னீர்களா என்று. எங்க மேடம், வார்டுக்குப் போனா இந்தப் பிள்ளை என்னைப் பாத்தாலே கண்ணை மூடிக்கிடுது, கட்டுப் பிரிக்கிறவன்லா நான் என்று அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, மயக்கம் ஏறும்போதோ இறங்கும்போதோ காதில் விழுந்திருக்கும், பிள்ளைகளுக்குக் கனவும் நெசமும் ஒண்ணுதானே, விடுங்க என்றார். அவள் விட்டாள். விட்டவள் போய் இந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். மனது ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது கை போய் அதையே எடுத்துக்கொண்டு வருகிறது, மனுஷ ஜென்மத்தின் லட்சணம் அது.

ஏறும்போதோ இறங்கும்போதோ. அப்படித்தான் இருக்க வேண்டும். தோல் சீவுகிற கருவி தொடையில் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஹெப்சிபா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள், கனமில்லாமல் அவை திரும்பவும் மடங்கிக்கொண்டன. நாடி நூற்று முப்பத்தெட்டு. தீப்பட்ட பிள்ளைக்கு நூற்று முப்பத்தெட்டு சாதாரணம், தூங்கும்போதும் அதன் நெஞ்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும், உடம்பு முழுக்க உலை வைத்தமாதிரி. தீப்பட்ட பிள்ளைகளைப் பற்றி இந்த ஆஸ்பத்திரியில் அவளைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. இது அவள் தற்பெருமை இல்லை, மற்றவர்களே சொல்வது. தீ தோலை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. உள்ளே நல்லாயிருக்கிற தசைகூட மாறிப்போகிறது, மருந்து வந்து உட்காருகிற இடங்கள் ஒன்றுக்குப் பத்தாகத் தசை பூராவும் முளைத்துவிடுகின்றன. அதனால் தசையைத் தளர்த்துகிற ரிலாக்ஸன்டுகளில் ஸ்கோலின் என்ற மருந்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அத்தனை இடமும் ஒரே நேரத்தில் திறந்து உப்பைக் கொட்டி இருதயத்தை நிறுத்திவிடும். படிக்கிற காலத்தில் அவள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். வெந்நீர் கொட்டின ஒரு நாலு வயசுப் பையன், இருபதாம் நாள், அவசரத்தில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஏற்றிவிட்டார். திரையில் அலை கூடாரம் கூடாரமாக எழும்பி, பிறகு படுத்துவிட்டது. பதினொரு நிமிடம் நெஞ்சை அமுக்கினார்கள், வந்துவிட்டான். வந்தவன் பழைய பையனாக வரவில்லை, அவன் அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்தது. அன்றிலிருந்து தீப்புண் நாட்களில் அவள் தள்ளுவண்டியிலிருந்து ஸ்கோலினை எடுத்து வெளியே வைத்துவிடுவாள். சிஸ்டர் மரியபுஷ்பம் அதைப் பாம்பை எடுத்துப் போடுகிறமாதிரி தூக்கிக்கொண்டு போவாள். மற்ற ரிலாக்ஸன்டுகளைக் கொடுக்கலாம், ஆனால் அவை இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. இரண்டு பங்கு கொடுத்தால்தான் பிடிக்கும், பிடித்தாலும் பாதி நேரத்தில் கைவிட்டுவிடும். மற்ற பிள்ளைகள் நாற்பது நிமிடம் கிடந்தால் இவர்கள் இருபதில் அசைவார்கள். அசைந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். இதைச் சின்ன டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். பயப்படாதீங்க, எரிஞ்ச பிள்ளை அசையத்தான் செய்யும் என்பாள்.

அசைந்தது. பத்து நாளுக்கு முன்னால் நெஞ்சில் தோல் ஒட்டிய அன்றைக்கும் அசைந்தது. அதை அவள் மறக்கவில்லை, மறக்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. சங்கரலிங்கம் கதையை ஆரம்பித்திருந்தார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு அழுகைச் சத்தம், வீடு பூராத் தேடியாச்சு, மொட்டை மாடி, அலமாரி, சைக்கிள் கூடை, எங்கேயும் இல்லை, பார்த்தால் சத்தம் காலுக்குக் கீழே இருந்து வருகிறது என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, மேடம், பிள்ளை காலை இழுக்குது என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சரிதான், சொல்லி வைத்தமாதிரி அசைகிறது என்று நினைத்தாள், அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது, பாடம் சரியாக வருகிறபோது வாத்தியாருக்கு வருகிற சந்தோஷம். ரிலாக்ஸன்டை ஏற்றினாள். கால் இறங்கிவிட்டது. தாளில் எழுதினாள், நோயாளி அசைந்தார், எதிர்பார்த்ததே என்று. எதிர்பார்த்ததே! நாடி நூற்று அறுபதுக்குப் போனது, தீப்புண் பிள்ளைக்குப் போகும். கண்ணில் தண்ணீர் வந்ததா என்று பார்க்க முடியாது, களிம்பு போட்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அதுவும் நல்லதுக்கு ஒட்டினதுதான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒன்றும் தெரியாத சின்ன டாக்டர் ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் பயந்துபோய் முதலில் குடுவையைத்தான் பார்த்திருப்பாள். ஹெப்சிபாவுக்கு எல்லாம் தெரியும். அதனால் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் கதையைத் தொடர்ந்தார், தொட்டிக்குள் டார்ச் அடித்ததை, கண் இரண்டும் மின்னியதை, கயிற்றில் கட்டி வாளியை இறக்கியதை. வாளி. ஹெப்சிபாவின் விரல் பிள்ளையின் உள்ளங்கையில் அப்படியே நின்றது. பூனை வாளியில் ஏறிட்டா என்றல்லவா பிள்ளை கேட்டது. வாளி வந்தது எப்போது? கால் இழுத்த பிறகு. மருந்து ஏற்றிய பிறகு. அவள் மனது பின்னாலே ஓடி, வாளியைக் கொஞ்சம் முன்னாலே தள்ளி வைத்துப் பார்த்தது. அஞ்சு மணி, அழுகை, மொட்டை மாடி, வாளி, கால் என்று அடுக்கிப் பார்த்தது. அடுக்க வரவில்லை. மேடம் பிள்ளை காலை இழுக்குது என்று அவர் சொல்லும்போது பூனை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அதற்குப் பிறகுதான் தொட்டி மூடியைத் திறந்தார்கள், அதற்கும் பிறகுதான் வாளி. வாளியில் பூனை ஏறவில்லை, பலகையைச் சாய்த்து வைத்துத்தான் ஏற்றினார்கள், அதை அவர் சொல்வதற்குள் அவள் குடுவையை நிரப்பியிருந்தாள். ஆமாம், நிரப்பினாள். தற்செயலாகத் திரும்பும்போது பார்த்தாள், மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, அடடா என்று வீட்டில் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறமாதிரி ஊற்றி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த அசைவையும் இந்தக் குடுவையையும் அவள் சேர்த்தே பார்க்கவில்லை. பிள்ளை பலகையைக் கேட்கவில்லை, அப்போது தூங்கிவிட்டது. வாளியைக் கேட்டிருக்கிறது. நடுவிலே எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம்? ஏழு இருக்கும். பிள்ளை விழித்துக்கொண்டது, விழித்த பிள்ளை காலை இழுத்தது, அதைப் பார்த்து அவள் என்ன செய்தாள் என்றால், தூங்க வைக்கவில்லை, கட்டிப் போட்டாள்.

எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவ வேண்டும்போல இருந்தது, ஆனால் கை பிள்ளையின் கைக்குள் இருக்கிறது, போக முடியாது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறமாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். சின்ன வயதில் ஹெப்சிபா நடித்திருக்கிறாள். பாளையங்கோட்டை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணை மூடிக் கிடப்பாள், பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து அப்பாவும் அம்மாவும் மெல்லிய குரலில் சண்டை போடுவார்கள், எல்லாம் கேட்டுக்கொண்டு கிடப்பாள். ஆனால் அவளால் எந்த நிமிடமும் எழுந்து உட்கார்ந்திருக்க முடியும், அப்பா என்று ஒரு சத்தம் கொடுத்திருக்க முடியும். பிரம்மசக்தி தூங்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. தொடையில் தோல் சீவிய இடம் எரிந்திருக்கும். ஆரம்பத்தில் கொடுத்த வலி மருந்து எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்? இருந்திருக்கும், கொஞ்சம் இருந்திருக்கும், அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைப் பிள்ளையிடம் காலையிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பயம். அசையாத பிள்ளை சமத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அதன் காதில் விழுவது அந்த ஒரே சொல்தான், கட்டுப் பிரிக்கும்போது அசையாத, ஊசி போடும்போது அசையாத, படம் எடுக்கும்போது அசையாத, சமத்துல்லா. இன்று காலை பட்டையைக் கட்டும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள், நீ தூங்கும்போது உன் கையைப் பிடிச்சிக்கிட்டே இருப்பேன், முழிப்பு வந்துட்டுன்னா என் விரலை அழுத்தணும் என்று. பிள்ளை யோசித்துவிட்டு, "அழுத்துனா ஏசுவியளா?" என்று கேட்டது. ஏசமாட்டேன், அழுத்தினாத்தான் எனக்கு சந்தோஷம் என்று சொல்லி, மூன்று தடவை அழுத்தப் பழக்கி, மூன்று தடவையும் பாராட்டி, அப்புறம்தான் மயக்கம் கொடுத்தாள். ஆனாலும் இப்போது அந்தக் கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சமத்துப் பிள்ளை. விழித்தாலும் ஏசிவிடுவார்களோ என்று அழுத்தாமல் கிடக்குமோ? இந்தக் கை சும்மா இருப்பதற்கு என்ன அர்த்தம்? எல்லாரும் சேர்ந்து ஒரு பிள்ளையை அசையாமல் இருக்கப் பழக்கிவிட்டு, இப்போது அது அசையாமல் இருப்பதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கூத்து. அவள் குனிந்து பிள்ளையின் காதருகே, சத்தி, கேக்குதா, கேட்டா அழுத்து, ஏசமாட்டேன் என்று சொன்னாள். கை சும்மா இருந்தது. தாயிடமும் அவள் ஒழுங்காகச் சொல்லவில்லை. பத்து நாளுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும்போது, உடம்பை ரிலாக்ஸ் பண்ணுற மருந்தும் கொடுப்போம் என்றாள். நல்லது மேடம், பிள்ளை ஓஞ்சி உறங்கி ஒரு மாசமாச்சி என்று லிங்கக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். அது உறங்குகிற மருந்து இல்லை, உறங்க வைக்கிறது வேறே, இது அசையவிடாத மருந்து என்று விளக்கியிருக்க வேண்டும். நேரமில்லை, பின்னால் ஆறு பேர் நின்றார்கள். கும்பிட்ட கையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

கை மரத்துப்போகாமல் இருக்க இருபத்தொன்றாவது நிமிடத்தில் பட்டையின் காற்றைத் திறந்துவிட்டாள், முதலில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் குறைந்துபோயிருக்கும். வெளுத்துக் கிடந்த விரல்களில் சிவப்பு ஓடியது. சங்கரலிங்கம் இன்றைக்குக் கதை ஒன்றும் சொல்லவில்லை, கழுத்தில் தோலை விரித்து ஊசிகளால் பதித்துக்கொண்டிருந்தார், டிக், டிக் என்று அந்தச் சத்தம் மட்டும். இருபத்தாறில் பிள்ளையின் ஆட்காட்டி விரல் லேசாகத் துடித்தது. அழுத்தியதா, துடித்ததா? கொஞ்ச நேரத்தில் வலது காலும் இறுகி மடங்கியது. மேடம், இழுக்குது, மருந்து கொடுங்க என்றார் சங்கரலிங்கம், தலையைத் தூக்காமல். சிஸ்டர் மரியபுஷ்பம் பழக்கத்தில் ரிலாக்ஸன்ட் ஊசியை எடுத்து நீட்டினாள். ஹெப்சிபா வாங்கவில்லை. கையை எடுங்க சார் என்றாள். தோல் நகர்ந்துரும் மேடம் என்றார் அவர். நகரட்டும், எடுங்க என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை, கையை எடுத்துவிட்டார். அவள் குடுவையைப் பார்த்தாள், மருந்து இருந்தது. பிள்ளை விடுகிற காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று திரையில் பார்த்தாள், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது, கூட்டி வைத்தாள், வலிக்கு ஊசி கொடுத்தாள். சத்தி, முழிச்சிட்டியா, முழிச்சிருந்தா அழுத்து, இன்னொரு தடவை அழுத்து என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், விரல் துடிக்கவில்லை, நாடி கீழே வந்தது, நூற்று இருபத்தாறு. கால் தானாகவே நீண்டது. பிறகு பட்டையைத் திரும்பவும் இறுக்கி, அதன் பிறகு ரிலாக்ஸன்டை வாங்கி ஏற்றினாள். முதலில் தூக்கம், அதற்குப் பிறகு அசையாமை. இந்த வரிசை எந்தப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் இதைச் செய்வதற்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

மீதி நேரம் முழுவதும் கை சும்மா கிடந்தது, இப்போது அந்தச் சும்மாவை அவளால் நம்ப முடிந்தது. நம்பியதும் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு நல்லபடியாக முடிந்துவிட்டது. அன்றைக்கு நடந்தது யாருக்குத் தெரியும்? தாளில் எதிர்பார்த்ததே என்று இருக்கிறது. சங்கரலிங்கம் கனவு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை, இன்னும் நாலு மாதத்தில் மறந்துவிடும். மறக்குமா? அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டையில் ஒரு சொல்லை ஹெப்சிபா நாற்பது வருஷமாக மறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? லிங்கக்கனி கத்துவாள், சொந்தக்காரர்கள் வருவார்கள், பேப்பரில் போடுவார்கள், பெரிய டாக்டர் கூப்பிட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை என்பார், தீப்பட்ட பிள்ளைகள் என்றால் ஹெப்சிபா என்று இருந்த பேர் ஹெப்சிபா என்றால் அந்தப் பூனைக் கேஸ் என்று ஆகும். இதையெல்லாம் அவள் வரிசையாக நினைத்துப் பார்த்தாள், வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் வரிசையில் பிள்ளை கடைசியில்தான் வந்தது. இன்னும் இரண்டு ஆபரேஷன் இருக்கிறது இந்தப் பிள்ளைக்கு, கழுத்து இழுக்காமல் இருக்க மறுபடி மறுபடி வர வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் இதே வாசலில் படுத்துக்கொண்டு யார் முகத்தைப் பார்க்கும்? கனவு என்று சொல்லிவிட்டால், அதற்குத் தன் காதையே நம்ப முடியாமல் போகும். தொண்டையில் வைத்திருந்த மூச்சுக் குழாயை எடுத்தார்கள். பிள்ளை இருமி, முகத்தைச் சுளித்து, தானாக மூச்சு விட்டது. ஹெப்சிபா பட்டையைக் கழற்றினாள், கையில் அதன் தடம் வளையமாகப் பதிந்திருந்தது. சங்கரலிங்கத்திடம், நான் வெளியே போய் அந்த அம்மாவிடம் பேசப்போகிறேன் என்றாள். எதைப் பத்தி என்று கேட்டவர் அவள் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் வரட்டா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள்.

லிங்கக்கனி வராந்தாவில் ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், டாக்டரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நல்லாயிருக்கிறாள், முடிந்துவிட்டது, உட்காருங்கள் என்று சொல்லி ஹெப்சிபா பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். சொன்னாள். சுற்றி வளைக்காமல்தான் சொல்ல நினைத்தாள், ஆனாலும் குடுவை, தசை, மருந்து எடுபடாமல் போவது என்று கொஞ்சம் சுற்றத்தான் செய்தாள், பிறகு தானே நிறுத்திக்கொண்டு, போன தடவை ஆபரேஷன் நடுவிலே உங்க பிள்ளை ஒரு ஏழு நிமிஷம் முழிச்சிருந்திருக்கா, அசையத்தான் முடியலை, அது நான் செய்த தப்பு என்றாள். லிங்கக்கனி கத்தவில்லை. கூடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, காலையில் பூனையைக் கேட்டாள், அதிலிருந்து நானே கண்டுபிடித்தேன் என்றாள் ஹெப்சிபா. லிங்கக்கனி கூடையைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட அன்னைக்கே சொன்னா மேடம்," என்றாள். "கண்ணு தொறக்க வரலம்மா, பூனைக் கத சொல்லுதாவ, தொடைய என்னமோ செய்யுதாவ, கத்துனேன், கத்துனேன், ஒருத்தருக்கும் கேக்கலன்னு சொன்னா. மயக்க ஊசி போட்டவளுக்கு எப்பிடிட்டி கேக்கும், கனாக் கண்டுட்டு டாக்டர்மாரப் பத்திப் பொய்யா சொல்லுதன்னு கேட்டேன். இல்லம்மா நெசமாத்தான்னு திரும்பத் திரும்பச் சொன்னா. அறைஞ்சிட்டேன். இந்தக் கன்னத்துல. அதுக்குப் பொறவு அவ அதப் பேசவே இல்ல."

ஹெப்சிபா பயந்து வைத்திருந்த கூச்சல், பேப்பர், பெரிய டாக்டர் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கனவு என்று சொல்லலாமா வேண்டாமா என்று உள்ளே உட்கார்ந்து யோசித்தாளே, அதைப் பத்து நாளுக்கு முன்பே இந்தத் தாய் அவளுக்காகச் சொல்லி முடித்திருக்கிறாள், டாக்டரை நம்பியதால் சொல்லியிருக்கிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் ஏசுங்கள், புகார் எழுதிக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று ஹெப்சிபா சொன்னாள். அதெல்லாம் பொறவு பாப்போம் மேடம் என்று லிங்கக்கனி எழுந்தாள். பிறகு, நான் சொன்னா அவ நம்பமாட்டா, நீங்க வந்து சொல்லுங்க, நானும் நிக்கேன் என்றாள்.

பிள்ளை விழித்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு, முகம் வீங்கியமாதிரி இருந்தது. மரியபுஷ்பம் நகர்ந்து இடம் விட்டாள். லிங்கக்கனி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள், பக்கத்தில் வரவில்லை. ஹெப்சிபா குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"சத்தி, அன்னைக்கு நீ முழிச்சுத்தான் இருந்தே. கனவு இல்லை. கத்தினது எனக்குத்தான் கேக்கலை, தப்பு என் மேல."

பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால் கண்ணை மட்டும் மெல்லக் கீழே இறக்கி, கால்மாட்டில் நின்ற தாயைத் தேடிப் பிடித்தது. குழாய் வைத்திருந்ததில் தொண்டை கட்டிப்போய் குரல் சரியாக எழும்பவில்லை.

"நாஞ் சொன்னேம்லா," என்றது.